ஜேர்மனி இலக்கத் தகட்டோடு இலண்டனில் எவ்வளவு காலம் ஓடலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஜேர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு ஐந்து மாதத்துக்கு முன் குடும்பத்தோடு இலண்டன் ஹரோவுக்கு வந்துவிட்டீர்கள். 2018இல் முதல் பதிவான டீசல் கோல்ஃப் காரையும் ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். அது இன்னும் ஜேர்மனி இலக்கத்தில்தான் ஓடுகிறது. "ஆறு மாதம் முடிய முன்னம் டோவரால் பிரான்சுக்கு ஒருக்கால் போய் வந்தால், திரும்பவும் ஆறு மாதம் கிடைக்கும்" என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அது சரியா, சரியில்லையென்றால் இங்கே பதிய என்ன செய்ய வேண்டும், எவ்வளவு முடியும்?

முதலாவதுக்குப் பதில்: சரியில்லை. ஒரு தரமல்ல, இரண்டு தரம் பிழை. ஆறு மாதம் என்பது எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் மொத்தமாக ஆறு மாதம். பல தடவை வந்து போனாலும் நாட்கள் கூட்டிக் கணக்கிடப்படும். கலேயில் ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்பினால் கணக்கு பூச்சியத்துக்குப் போகாது. இரண்டாவது பிழைதான் பெரியது. அந்த ஆறு மாதமே வந்து போகிறவர்களுக்கானது. வாடகை ஒப்பந்தம், கவுன்சில் ரக்ஸ், இங்கே வேலை, பிள்ளைகள் இங்கத்தைய பள்ளிக்கூடத்தில் என்று இருக்கும் ஒருவர் விருந்தினர் இல்லை, வதிவிடக்காரர். வதிவிடக்காரர் வெளிநாட்டுப் பதிவுள்ள காரைப் பிரித்தானிய வீதியில் ஓட்டக்கூடாது என்பதுதான் பொது விதி. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் நீங்கள் சொன்ன விபரத்தில் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. ஆகவே உங்களுக்கு மிச்சம் ஒரு மாதம் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். குடியேறிய நாளிலேயே அந்தச் சலுகை முடிந்துவிட்டது.

பிடிபட்டால் என்ன நடக்கும்? வீதிக் கமராக்கள் இலக்கத் தகட்டை வாசித்துக் காப்புறுதித் தரவோடு ஒப்பிடும். ஜேர்மனி இலக்கம் அந்தத் தரவில் இருக்காது என்பதால் பொலிஸ் மறித்துக் கேட்பது வழமை. அப்போது கேட்கும் முதற்கேள்வி "எப்ப வந்தனீங்கள், எங்கே இருக்கிறீர்கள்?" என்பதுதான். காப்புறுதி செல்லாது என்று முடிவெடுத்தால் 300 பவுண் தண்டமும் உரிமத்தில் 6 புள்ளிகளும். காரையும் அந்த இடத்திலேயே தூக்கலாம். இங்கிலாந்தில் சேதமில்லாத சாதாரண காரை மீட்க 192 பவுண், நிறுத்தி வைத்ததற்கு நாளுக்கு 26 பவுண். மீட்கப் போகும்போது செல்லுபடியான காப்புறுதியைக் காட்ட வேண்டும். ஜேர்மனி இலக்கத்தோடு நிற்கும் காருக்கு அதை ஓரிரு நாளில் எடுப்பதுதான் ஆகக் கஷ்டமான பகுதி.

இனி காப்புறுதி. ஜேர்மனியில் எடுத்த கட்டாயக் காப்புறுதி பிரித்தானியாவிலும் செல்லும், பச்சை அட்டை என்ற சர்வதேசக் காப்புறுதிச் சான்று தேவையில்லை. இது உண்மை. ஆனால் அது பயணத்துக்கான பாதுகாப்பு. கார் இரவில் எங்கே நிற்கிறது, யார் ஓட்டுகிறார்கள், வருடத்துக்கு எத்தனை கிலோமீற்றர் என்று அவர்களுக்கு நீங்கள் கொடுத்த விபரம் இப்போது பொய்யாகிவிட்டது. விபத்தில் அடிபட்ட மற்றவருக்கு நிறுவனம் பணம் கொடுத்துவிடும். பிறகு அந்தப் பணத்தை உங்களிடம் கேட்டு வரும். உங்கள் காருக்கான முழுக் காப்புறுதியை மறுக்கவும் கூடும். இதில் எவ்வளவு தூரம் போவார்கள் என்பது ஒப்பந்தத்தையும் நிறுவனத்தையும் பொறுத்தது. ஆகவே "கட்டாயம் மறுப்பார்கள்" என்று நான் சொல்ல மாட்டேன், "கட்டாயம் தருவார்கள்" என்று நம்பி நீங்கள் ஓடவும் வேண்டாம்.

பதிவுக்கு வருவோம். இதில் மூன்று வாசல்கள் இருக்கின்றன. முதலாவது சுங்கமும் வரியும், அதைப் பார்ப்பது எச்.எம்.ஆர்.சி. இரண்டாவது கார் இந்த நாட்டு வீதிக்கு ஏற்றதா என்ற அனுமதி, அதைப் பார்ப்பது வி.சி.ஏ. மூன்றாவது பதிவும் வீதி வரியும், அது ஸ்வான்சியில் உள்ள டி.வி.எல்.ஏ. முதல் இரண்டு வாசலும் திறக்காமல் மூன்றாவதைத் தட்டிப் பிரயோசனம் இல்லை. அனுப்பிய பத்திரக் கட்டு அப்படியே திரும்பி வரும்.

முதல் வாசலில் இரண்டு வேலை. நிரந்தரமாகக் கொண்டுவந்த காரை, வந்து 14 நாளுக்குள் "நோவா" என்ற அறிவிப்பு மூலம் தெரிவிக்க வேண்டும். வரி கட்டத் தேவையில்லாதவரும் இதைச் செய்தே ஆகவேண்டும். பிந்தினால் நாளுக்கு 5 பவுண் தண்டம். ஐந்து மாதம் என்றால் கிட்டத்தட்ட 135 நாள் பிந்தியிருக்கிறீர்கள், ஆக 675 பவுண் அளவில் வரலாம். இன்றைக்கு அறிவித்தால் அந்த மீற்றர் இன்றோடு நிற்கும். அதனால்தான் மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதைச் செய்யச் சொல்கிறேன்.

அடுத்தது வரி. சலுகை எதுவும் இல்லையென்றால் கார் பெறுமதியில் 10 வீதம் சுங்கம். பிறகு பெறுமதியையும் சுங்கத்தையும் கூட்டி அதில் 20 வீதம் வற் வரி. கார் 9,000 பவுண் பெறுமதி என்று வைத்தால் சுங்கம் 900, வற் 9,900இல் 20 வீதமாக 1,980, மொத்தம் 2,880 பவுண். ஏற்றி வந்த செலவும் பெறுமதியோடு சேரும். "கோல்ஃப் வொல்ஸ்புர்க்கில் செய்தது, ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது, சுங்கம் இல்லை" என்றும் சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. எங்கே செய்தது என்பதை உரிய மூலச் சான்றோடு காட்டினால்தான் அந்த 10 வீதம் போகும். பழைய காருக்கு அந்தச் சான்றை எடுப்பது லேசில்லை. எடுத்தாலும் வற் போகாது.

உங்களுக்குப் பொருந்தக்கூடியது வதிவிட மாற்றச் சலுகை. வருவதற்கு முன் தொடர்ந்து குறைந்தது 12 மாதம் பிரித்தானியாவுக்கு வெளியே வாழ்ந்திருக்க வேண்டும். கார் குறைந்தது 6 மாதம் உங்கள் உடைமையாகவும் பாவனையிலும் இருந்திருக்க வேண்டும். குடிபெயர்ந்து 12 மாதத்துக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும். கொண்டுவந்த பிறகு 12 மாதத்துக்கு விற்கவோ, இரவல் கொடுக்கவோ, வாடகைக்கு விடவோ கூடாது. கிடைத்தால் சுங்கமும் இல்லை, வற்றும் இல்லை. கடவுச்சீட்டுப் பிரதி, பழைய விலாசத்துக்கும் புதிய விலாசத்துக்கும் ஆதாரம், காரின் பதிவுப் பத்திரம், செஸி இலக்கம் எல்லாம் இணைத்து இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

இங்கேதான் உறுதியான நிலம் முடிகிறது. இந்தச் சலுகைக்கு, கார் எல்லையைக் கடக்க முன்பே அனுமதி இலக்கம் எடுத்திருக்க வேண்டும். நீங்கள் எடுக்கவில்லை. நிபந்தனைகள் எல்லாம் பொருந்தியும் பிந்திக் கேட்கிறவருக்கு என்ன முடிவு வரும் என்பது விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரியின் கையில். நடந்ததை நடந்தபடி திகதியோடு எழுதிக் கேளுங்கள். கார் போன கிழமைதான் வந்தது என்று எழுத வேண்டாம். யூரோடனல் சீட்டும் கப்பல் சீட்டும் இலக்கத் தகட்டோடு பதிவாகும். ஒரு பொய்த் திகதிக்காக முழுச் சலுகையையும் இழக்கலாம். தொகை இரண்டாயிரம் பவுணைத் தாண்டுமென்றால் ஒரு சுங்க முகவரிடம் ஒரு மணி நேரம் பணம் கொடுத்துக் கேட்பது வீண் செலவில்லை.

இரண்டாவது வாசலுக்குத்தான் கையில் அழுக்குப் பட வேண்டும். முதற் பதிவிலிருந்து பத்து வருடம் தாண்டிய பயணிகள் காருக்கு வாகன அனுமதி தேவையில்லை. உங்களுடைய கார் இன்னும் பத்து வருடத்தைத் தாண்டாததால் தேவை. ஐரோப்பிய வகை அனுமதியோடு (ஒரு கார் மாதிரி முழுவதற்கும் கொடுக்கும் அனுமதி) வந்த இடதுபக்க ஸ்ரியரிங் காருக்கு, முழுப் பரிசோதனைக்குப் பதிலாகப் பத்திரங்களைக் காட்டி எடுக்கும் "ஜி.பி. மாற்ற" அனுமதி ஒன்று இருக்கிறது. கட்டணம் 100 பவுண். அதற்குக் காரின் சி.ஓ.சி. என்ற ஒத்திசைவுச் சான்றிதழ் வேண்டும். கார் புதிதாக வாங்கியபோது கொடுத்த கடதாசிக் கட்டுக்குள் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் உற்பத்தியாளரிடம் செஸி இலக்கம் கொடுத்துப் பணம் கட்டி எடுக்கலாம், அதற்குச் சில கிழமை போகும். ஸ்ரியரிங்கை வலது பக்கம் மாற்றத் தேவையில்லை. மாற்ற வேண்டியவை மூன்று: முன் லைட், பின் பனிமூட்ட லைட், வேகமானி.

முன் லைட்டைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு கூடுதலாகப் போகிற இடம் அதுதான். இரவில் ஒரு சுவருக்கு முன்னால் காரை நிறுத்தித் தாழ்ந்த ஒளியைப் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு ஒரு பக்கம் மட்டமாகவும் வலது பக்கம் மேலே ஏறியும் இருக்கும். ஜேர்மனியில் அந்த ஏறிய பகுதி வீதி ஓரத்தைக் காட்டும். இங்கே அதே பகுதி எதிரே வருகிறவரின் கண்ணுக்குள் போகும். இங்கத்தைய லைட்டில் விளிம்பு இடது பக்கம் ஏற வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் ஸ்ரிக்கர் சுற்றுலாக்காரருக்கு. சில கார்களில் உள்ள "பயண முறை" என்ற அமைப்பும் அப்படித்தான், அது விளிம்பை மட்டமாக்கும், இடது பக்கம் ஏற்றாது. நிரந்தரப் பதிவுக்கு இந்த நாட்டு லைட்டே போட வேண்டும். ஹலஜன் லைட் என்றால் பழைய காரில் கழற்றியெடுத்த ஒரு சோடி சில நூறு பவுணுக்குள் முடியும். எல்.இ.டி. மேற்றிக்ஸ் என்றால் ஒரு பக்கத்துக்கே ஆயிரம் பவுணைத் தாண்டலாம், மாட்டிய பிறகு கணினியில் குறியீடும் மாற்ற வேண்டும். காரில் எந்த லைட் என்று பார்க்காமல் யாரிடமும் "எவ்வளவு முடியும்" என்று கேட்டுப் பிரயோசனம் இல்லை.

பின் பனிமூட்ட லைட் ஒன்றுதான் இருந்தால் அது நடுவிலோ வலது பக்கமோ எரிய வேண்டும். ஜேர்மனியில் பதிந்த பல கார்களில் அது இடது பக்கம் இருக்கும், வலது பக்கத்தில் பின்னோக்கிப் போகும் வெள்ளை லைட். இரண்டு கூட்டையும் இந்த நாட்டுக் கூட்டாக மாற்றினால் பல வேளை வேலை முடிந்துவிடும். சிலர் வலது பக்கத்தில் தனியாக ஒரு சிவப்பு லைட்டைப் பம்பருக்குக் கீழே பூட்டுவார்கள். அதுவும் ஏற்கப்படும், பார்க்க அழகில்லை, அவ்வளவுதான். வேகமானி மைலில் காட்ட வேண்டும். திரையுள்ள டாஷ்போர்ட் என்றால் அமைப்புக்குள் போய் மைலுக்கு மாற்றி ஒரு படம் எடுத்தால் போதும். முள் ஓடும் பழைய வகையில் கிலோமீற்றர் மட்டும்தான் இருந்தால் முகப்புத் தகட்டை மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் கராஜின் பற்றுச்சீட்டும் படங்களும் எடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டில் செஸி இலக்கமும் என்ன பாகம் மாற்றியது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். "லைட் வேலை, 300 பவுண்" என்று மட்டும் கிறுக்கிய துண்டு திருப்பி அனுப்பப்படுகிற துண்டு.

லைட் மாற்றிய பிறகு எம்.ஓ.ரி. என்ற வீதித் தகுதிப் பரிசோதனையை எடுங்கள், முதலே எடுத்தால் லைட்டால் தோற்கும். அதே மாதிரியான ஜேர்மனி ரியூவ் சான்றிதழ் இங்கே செல்லாது. காருக்கான உச்சக் கட்டணம் 54.85 பவுண், பல கராஜ்கள் குறைத்தும் செய்யும். பிரித்தானிய இலக்கம் இல்லாவிட்டாலும் செஸி இலக்கத்தில் எம்.ஓ.ரி. பதியலாம்.

மூன்றாவது வாசலுக்குப் பாவித்த காருக்கான வி55/5 படிவம். அதை டி.வி.எல்.ஏ.யின் இணையத்தளத்தில் பதிவிறக்கிப் பார்த்துக்கொண்டு நிரப்ப முடியாது, கேட்டால் தபாலில் அனுப்புவார்கள். உங்கள் ஜேர்மனிப் பதிவுப் பத்திரத்தின் எழுத்துகள் இங்கே உதவும். பீ என்பது முதற் பதிவுத் திகதி, ஈ என்பது செஸி இலக்கம், வி.7 என்பது காபனீரொட்சைட் அளவு, கே என்பது வகை அனுமதி இலக்கம். இந்த எழுத்துகள் ஐரோப்பா முழுவதுக்கும் பொது. படிவத்தோடு பதிவுப் பத்திரத்தின் இரண்டு பகுதியும், அதாவது நம்மவர் "ஷைன்" என்றும் "பிறீஃப்" என்றும் சொல்கிறவை, அசலாகப் போக வேண்டும். கூடவே வாகன அனுமதி, எம்.ஓ.ரி., உங்கள் பெயருக்கும் விலாசத்துக்கும் ஆதாரம். முதற் பதிவுக் கட்டணம் 55 பவுண். 2017 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான சாதாரண காருக்கு 2025 ஏப்ரலில் தொடங்கிய வரியாண்டில் வீதி வரி 195 பவுண், இது ஏப்ரலுக்கு ஏப்ரல் ஏறும். கட்டணத்தைக் காசோலையாகவோ தபால் கட்டளையாகவோ அனுப்ப வேண்டும், காசை உறைக்குள் வைக்க வேண்டாம். புதிதாக வந்தவருக்குக் காசோலைப் புத்தகம் இருக்காது, தபாலகத்தில் தபால் கட்டளை எடுக்கலாம். ஒரு கட்டளையின் உச்சத் தொகை 250 பவுண், அதைத் தாண்டினால் இரண்டாக எடுங்கள். பதில் வர ஆறு கிழமை வரை எடுக்கும். வி5சி என்ற பிரித்தானியப் பதிவுப் பத்திரம் கையில் வந்த பிறகுதான் தகடு அடிக்கலாம். பிரித்தானியத் தகட்டின் வழமையான அளவு 520க்கு 111 மில்லிமீற்றர், ஜேர்மனியின் நீளத் தகடு 520க்கு 110. காரில் உள்ள பழைய தகட்டுச் சட்டகத்துக்குள்ளேயே அநேகமாக இருந்துவிடும். முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள்.

இதற்கிடையில் ஜேர்மனிப் பக்கத்தை மறந்துவிடுகிறவர்கள் பலர். கார் அங்கே பதிவில் இருக்கும்வரை அங்கத்தைய வாகன வரி ஓடிக்கொண்டே இருக்கும். உதாரணத்துக்கு, 1,968 கன சென்ரிமீற்றர் டீசல் இயந்திரத்துக்கு, தொடங்கிய ஒவ்வொரு நூறு கன சென்ரிமீற்றருக்கும் 9.50 யூரோ வீதம், 20 பங்குக்கு 190 யூரோ. காபனீரொட்சைட் 95 கிராமைத் தாண்டினால் ஒவ்வொரு கிராமுக்கும் 2 யூரோ, 109 கிராம் என்றால் இன்னும் 28. ஆக வருடம் 218 யூரோ. பதிவை நீக்கினால் மிச்ச நாளுக்கான வரி திரும்ப வரும், வழமையாக வரி கழிந்த அதே வங்கிக் கணக்குக்கு. அந்தக் கணக்கை அவசரப்பட்டு மூட வேண்டாம். பதிவு நீக்கத்துக்குத் தகடும் ஷைனும் வேண்டும். இரண்டு பத்திரத்தையும் முதலில் ஸ்வான்சிக்கு அனுப்பிவிட்டால் பிறகு நீக்கக் கையில் எதுவும் இருக்காது, டி.வி.எல்.ஏ. அவற்றைத் திருப்பித் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆகவே ஒழுங்கு இப்படி: நோவா முடியட்டும், லைட் வேலை, வாகன அனுமதி, எம்.ஓ.ரி. முடியட்டும், செஸி இலக்கத்தில் பிரித்தானியக் காப்புறுதி எடுங்கள், ஜேர்மனியில் பதிவை நீக்குங்கள், எல்லாப் பக்கத்தையும் பிரதி எடுத்துவிட்டு வி55/5 அனுப்புங்கள். காப்புறுதிக்கு விலை ஒப்பிடும் தளங்களில் இந்தக் கார் பல வேளை ஏறாது, இறக்குமதிக் கார் எடுக்கிற தரகரை அழைக்க வேண்டியிருக்கும். ஜேர்மனி நிறுவனத்திடம் விபத்தில்லா வருடங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் இப்போதே கேட்டு வாங்குங்கள். பல நிறுவனங்கள் இரண்டு வருடத்துக்கு மேல் பழைய கடிதத்தைப் பார்க்காது.

இலண்டனில் இருப்பதால் யூலெஸ் என்ற புகை குறைந்த வலயம் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஓகஸ்ட் 29இலிருந்து ஹரோ உட்பட எல்லா பரோக்களும் அதற்குள். விதிக்குள் அடங்காத காருக்கு நாளுக்கு 12.50 பவுண், டீசல் என்றால் யூரோ 6 என்ற புகைத் தரத்தில் இருக்க வேண்டும். உங்கள் கார் 2018 என்பதால் யூரோ 6 ஆகவே இருக்கும், ஷைனில் 14ஆம் கட்டத்தில் எழுதியிருக்கும். ஆனால் வெளிநாட்டு இலக்கத்தின் விபரம் இலண்டன் போக்குவரத்து அமைப்பிடம் தானாக இருக்காது. பத்திரத்தை ஏற்றிப் பதிந்தால்தான் அவர்களுக்குத் தெரியும். இதைச் செய்யாமல் விட்டதால் அடங்கிய காருக்கே 180 பவுண் தண்டக் கடிதம் ஜேர்மனி விலாசத்துக்குப் போய் அங்கே கிடக்கலாம்.

இவ்வளவையும் செய்வது பெறுமதியா என்று கேட்டால், சலுகை கிடைத்து ஹலஜன் லைட்டும் என்றால், பெறுமதி. தண்டம் நீங்கலாக ஆயிரம் பவுண் அளவில் முடித்துவிடலாம். சலுகை மறுக்கப்பட்டு மேற்றிக்ஸ் லைட்டும் என்றால் ஐயாயிரத்தைத் தாண்டலாம், அதன் பிறகும் கையில் இருப்பது இந்த நாட்டில் விற்க ஆள் தேட வேண்டிய இடதுபக்க ஸ்ரியரிங் கார். அந்த நிலையில் திரும்ப ஜேர்மனிக்குக் கொண்டுபோய் அங்கே விற்றுவிட்டு இங்கே ஒரு வலதுபக்கக் கார் வாங்குவதுதான் புத்தி. அங்கே அந்தக் காருக்கு இன்னும் முழுச் சந்தை இருக்கிறது.

பதிந்து முடித்த பிறகு ஒரு விஷயம் மாறும். கார் பிரித்தானிய இலக்கத்துக்கு வந்துவிட்டால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அது வெளிநாட்டுக் கார். கலியாணத்துக்கு டோர்ட்முண்டுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம், நீங்கள் அங்கே நிற்கும்போது, நீங்கள் ஓட்டச் சொன்னால், அங்கே வசிக்கும் மச்சான் இடைக்கிடை ஓட்டலாம். காரை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் விமானத்தில் திரும்பினால், அடுத்த நாள் அவர் கடைக்கு ஓட்டுவதே சுங்கக் குற்றம், முழு இறக்குமதி வரியும் அவர் தலையில் விழும்.